சிரிலின் இடது கை

சாம்பியன் ரீப்ஸ்,
கோலார் தங்கவயல்,
3.3.1968

அன்பு மிகுந்த ஃப்ளோரா அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீதான் தங்கையை மறந்துவிட்டாய்; கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரியில் கைக்குழந்தைகளை விளையாட வைத்தே கைகால் பழக்குவதுதான் உன் வேலை என்றால் என் மாமியார் நம்புவதில்லை. "இன்னாம்மா, அதுக்கு ஒரு படிப்பா?" என்கிறார்.

சிரிலுக்குப் பத்து மாதம் ஆகிறது. மரியாதை தெரிந்த பிள்ளை அக்கா. எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்குவான். இடது கையை நீட்டுவதே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. சுரங்கத்தில் ஷிப்டில் கூட இதே பேச்சுதானாம்.

பிரியமுள்ள,
வின்னி

வேலூர்,
8.3.1968

என் தங்கம் வின்னி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பத்து மாதக் குழந்தைக்குச் சோற்றுக் கை, பீச்சாங்கை என்ற பேதமே கிடையாது. கிட்டே இருக்கிற கையால் பிடுங்கும். ஒரே கையை நீட்டினால் மற்ற கைக்குப் பலம் வரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

அவன் வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் கிலுகிலுப்பையைக் காட்டு. இடது கட்டைவிரல் உள்ளேயே மடங்கியிருக்கிறதா என்று பார். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதே அழைத்து வந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

உன் அக்கா,
ஃப்ளோரா

சாம்பியன் ரீப்ஸ்,
14.3.1968

அக்கா,

நீ சொன்னது எதையும் செய்து பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். நாள் முழுக்க நோய்ப்பிள்ளைகளையே பார்க்கிறவளுக்கு என் பிள்ளையும் அப்படித்தான் தெரிவான். இனி எழுத வேண்டாம்.

வின்னி

வேலூர்,
2.4.1968

வின்னி,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நான் சொன்னது தப்பாக இருந்தால் உங்கள் லைன் வீடுகள் முழுக்க என்னைத் திட்டட்டும், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். கோபத்தோடேயே வா. பங்காரப்பேட்டையில் ரயில் மாறி, காட்பாடியில் இறங்கு. எந்த நாள் என்று மட்டும் ஒரு கார்டு போடு.

ஃப்ளோரா

சாம்பியன் ரீப்ஸ்,
19.1.1969

என் ஃப்ளோரா அக்காவுக்கு,

போன மே மாதம் காட்பாடியில் இறங்கியபோது நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் ஒன்றும் கேட்காமல், பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாய். இப்போது உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்றே சோதித்துப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளேதான் இருந்தது. அதனால்தான் அப்படி எழுதினேன். என்னை மன்னித்துவிடு.

நீ காட்டிக்கொடுத்ததைத் தினமும் செய்கிறோம். இவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் சுரங்கத் தொப்பியை அவன் முன்னால் வைப்பார்; இரண்டு கையும் போட்டால்தான் அதைத் தூக்க முடியும். இத்தனை மாதமும் இடது கை சும்மாதான் கிடந்தது. நடக்கும்போது அந்தப் பக்கத்துக் காலையும் இன்னும் இழுக்கிறான்.

நேற்று கடைக்கார வேணுகோபால் இவனுக்கு ஒரு பன்னை நீட்டினார். வலது கையால் என் முந்தானையைப் பிடித்திருந்தவன், அதை விடாமல் இடது கையை நீட்டினான் அக்கா. விரல்கள் மெதுவாகத்தான் பிரிந்தன. "அந்தக் கை வேணாம் ராஜா, சோத்துக் கைய நீட்டு" என்று அவர் பன்னைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கையிலயே குடுங்கண்ணா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன் போலிருக்கிறது. அவர் பயந்துபோய் இரண்டு பன்னாகக் கொடுத்துவிட்டார்.

உன்,
வின்னி