மனநலப் பிரிவில் ஒரு சீட்

திருக்கோகர்ணம்,
10.08.2025

மதிப்பிற்குரிய ரகுநாத் அவர்களுக்கு,

வணக்கம். நான் இலக்கியா. ஆனி மாசம் நீங்க பரிசம் போட்டுட்டுப் போன அதே கறம்பக்குடிப் பொண்ணுதான். கையில போன் இருக்கும்போது எதுக்கு லெட்டர்னு நெனைப்பீங்க. நாம போன்ல பேசுற லட்சணம் ஒங்களுக்கே தெரியும். நீங்க "சாப்டீங்களா"ம்பீங்க, நான் "ம்"ம்பேன். நான் "ஷிப்ட் முடிஞ்சுதா"ம்பேன், நீங்க "ம்"ம்பீங்க. அப்புறம் ரெண்டு பேரும் மூச்சு விடுறதுதான் கேக்கும். என்கூட ரூம்ல இருக்கிற ஷர்லி, அவளும் நர்ஸ்தான், "இதுக்கு ஒரு ரீசார்ஜா"ன்னு கேலி பண்றா. இப்ப சொல்லப்போறதை "ம்" போட்டுச் சொல்ல முடியாது. அதான் பேனாவை எடுத்துட்டேன்.

நான் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கணும். பரிசத்தன்னைக்கே சொல்லியிருப்பேன். "நல்ல காரியத்துல இதை எடுக்காதே"ன்னு அப்பா வாயை அடைச்சுட்டார். அப்ளிகேஷன் போட்டாச்சு. பி.எஸ்சி.யில அம்பத்தஞ்சு சதவீதம் கேக்குறாங்க, எனக்கு எழுபத்தொண்ணு இருக்கு. நர்சிங் கவுன்சில்ல பேரு பதிஞ்சிருக்கணும், பதிஞ்சிருக்கு. படிச்சு முடிச்சு ஒரு வருஷமாவது வேலை பாத்திருக்கணும், நான் புதுக்கோட்டையில மூணு வருஷமாப் பாக்குறேன். அதுக்கு அனுபவச் சான்றிதழ் வாங்குறதுக்குள்ள மேட்ரன் ரூம் வாசப்படி தேஞ்சுபோச்சு. இனி நுழைவுத் தேர்வு ஒண்ணுதான் பாக்கி.

இது ரெண்டு வருஷப் படிப்பு. தபால்ல படிக்கிறது இல்லை, காலேஜ்லயே இருக்கணும். தை மாசம் கல்யாணத்துக்கு நாலஞ்சு நாள் லீவு கிடைச்சாலே பெருசு. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் ஹாஸ்டல்ல, நீங்க ஓசூர்ல. வார்டுக்குப் புதுசா வர்ற நர்சிங் பிள்ளைகளுக்கு நான்தான் எல்லாம் சொல்லிக்குடுக்கிறேன். அதை ஒழுங்காப் படிச்சுட்டு, ஒரு காலேஜ்ல நின்னு சொல்லிக்குடுக்கணும்னு ஆசை. நீங்க ஒத்துக்கிட்டா சந்தோஷமாப் பரிட்சை எழுதுவேன். ஒத்துக்கலைன்னாலும் எழுதுவேன், ஆனா அழுதுக்கிட்டே எழுதுவேன்.

பதிலை லெட்டர்லயே போடுங்க.

இப்படிக்கு,
இலக்கியா

ஓசூர்,
16.08.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

என் பேருக்கு இதுவரைக்கும் தபால்ல வந்தது கம்பெனி மெமோ மட்டும்தான். அதனால கவரைப் பாத்ததும் இதுவும் மெமோதான்னு நெனைச்சேன். கேன்டீன்ல ஒக்காந்து படிச்சேன். டீ ஆறிப்போச்சு.

முதல்ல அந்த "மதிப்பிற்குரிய அவர்களுக்கு" வேண்டாம். யாரோ ரிட்டையர்டு தாசில்தாருக்கு எழுதின மாதிரி இருக்கு.

தாராளமாப் படிங்க. நான் டிப்ளமோ. அதையே மூணு அரியர் வச்சுத்தான் முடிச்சேன். எம்.எஸ்சி. படிச்ச பொண்டாட்டி எனக்குன்னு சொன்னா லைன்ல ஒருத்தனும் நம்ப மாட்டான். பொன்னமராவதிக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். "படிக்கிற பொண்ணைத் தடுக்கக் கூடாதுப்பா, நமக்குத்தானே பெருமை"ன்னு சொல்லுச்சு. அப்பா வழக்கம்போல "ஒங்க அம்மா சொன்னாச் சரி"ன்னுட்டார். ரெண்டு வருஷம் என்ன, ஓடிப்போயிரும். மதுரையோ திருச்சியோ கிடைச்சா ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போறேன்.

பரிட்சைக்கு நல்லாப் படிங்க. அழுகாம எழுதுங்க.

அன்புடன்,
ரகுநாத்

திருக்கோகர்ணம்,
29.10.2025

அன்புள்ள ரகுநாத்துக்கு,

சீட் கிடைச்சிருச்சு. மதுரையில, கவர்மென்ட் காலேஜ்லயே. போன்லயே சொல்லிட்டேன்னாலும் நேத்து நீங்க மெஷின் சத்தத்துல "ம்" மட்டும் போட்டீங்க. அதனால விவரமா எழுதுறேன்.

திங்கக்கிழமை கவுன்சிலிங்குக்கு அப்பாவும் நானும் சென்னை போனோம். அஞ்சு பிரிவு உண்டு. ஆபரேஷனும் பொது வார்டும் சேந்தது ஒண்ணு, குழந்தைங்க, மகப்பேறு, ஊர் சுகாதாரம், அப்புறம் மனநலம். நான் மகப்பேறு எடுக்கலாம்னு போனேன். எனக்கு முன்னாடி இருந்தவங்க ஒவ்வொருத்தரா எடுக்க எடுக்க ஸ்கிரீன்ல ஒண்ணொண்ணா மறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. என் முறை வந்தப்போ மதுரையில மனநலம் மட்டும்தான் மிச்சம். யோசிக்க ரெண்டு நிமிஷம் குடுத்தாங்க. அப்பா என் முகத்தைப் பாத்தார், நான் அப்பா முகத்தைப் பாத்தேன். எடுத்துட்டேன்.

நவம்பர் 17-ஆம் தேதிக்குள்ள சேரணும். வகுப்புல எண்பது சதவீதம் வருகை வேணும். வார்டுல நூறு சதவீதம், ஒரு நாள் கொறஞ்சாலும் அதை ஈடு கட்டினப்புறம்தான் பட்டம். முதல் வருஷம் ரெண்டு பாடத்துக்கு மேல போச்சுன்னா ரெண்டாம் வருஷத்துல கால் வைக்க முடியாது. நடுவுல ஒரு ஆராய்ச்சி வேற பண்ணி எழுதிக் குடுக்கணும். ஒங்க அரியர் விளையாட்டெல்லாம் இங்க நடக்காது.

ஒரே ஒரு சங்கதிதான் ஒரு மாதிரி இருக்கு. சீட் கிடைச்சதும் பொன்னமராவதி அத்தைக்கு, அதான் ஒங்க அம்மாவுக்கு, போன் பண்ணினேன். ரொம்ப சந்தோஷமாப் பேசுனாங்க. "எந்தப் பிரிவுத்தா"ன்னு கேட்டாங்க. மனநலம்னு சொன்னேன். "அடுப்புல பால் இருக்கு"ன்னு வச்சுட்டாங்க. அப்புறம் ரெண்டு தரம் கூப்பிட்டும் எடுக்கலை. நான் எதுவும் தப்பாப் பேசிட்டேனா? கேட்டுச் சொல்லுங்க.

அன்புடன்,
இலக்கியா

ஓசூர்,
02.11.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

நலம். வீட்டில் பேசினேன். அந்தப் பிரிவு வேண்டாம் என்று நினைக்கிறார்கள். நாளைக்கு ஊரில், சொந்தபந்தத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அப்பா சொல்கிறார். இந்த சீட்டை விட்டுவிட்டு அடுத்த வருடம் மறுபடியும் எழுதி, வேறு பிரிவில் சேர்ந்தால் எல்லோருக்கும் நல்லது. யோசித்து முடிவு செய்யவும்.

ரகுநாத்

திருக்கோகர்ணம்,
05.11.2025

ரகுநாத் அவர்களுக்கு,

ஒங்க லெட்டர் வந்துச்சு. லீவு லெட்டர் மாதிரி இருந்துச்சு. "முடிவு செய்யவும்"னு எழுதின கை, "அழுகாம எழுதுங்க"ன்னு எழுதின அதே கைதானான்னு ரெண்டு லெட்டரையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன்.

எங்க ஆஸ்பத்திரிக்கு மாசம் ரெண்டு மூணு பேரு பூச்சி மருந்து குடிச்சுட்டு வாராங்க. வயித்தைக் கழுவி, உசுரைப் பிடிச்சு நிறுத்தி, வீட்டுக்கு அனுப்புறோம். ஏன் குடிச்சேன்னு பக்கத்துல ஒக்காந்து கேக்க எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியலை. போன மாசம் அப்படி அனுப்பி வச்ச ஒரு பொண்ணு பத்தே நாள்ல திரும்பி வந்துச்சு. இந்த தடவை எங்களால நிறுத்த முடியலை. மனநலம் எனக்குக் கடைசியா மிஞ்சின சீட்டுதான், ஒத்துக்கிறேன். ஆனா இந்த ஒரு வாரமா யோசிச்சுப் பாத்தா, முதல் ஆளா நின்னிருந்தாலும் இதையேதான் எடுத்திருக்கணும்னு தோணுது.

அதனால சீட்டை விட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன். வேண்டாம்ங்கறது ஒங்க வீட்டுப் பேச்சா, ஒங்க பேச்சா? ஒங்க பேச்சுதான்னா நேராச் சொல்லிருங்க. பரிசச் சேலையையும் தீபாவளிச் சேலையையும் திருப்பிக் கொண்டாந்து குடுக்கச் சொல்லி அப்பாகிட்ட சொல்லிடறேன். இல்லை, வேற காரணம் இருக்குன்னா அதையும் நேராச் சொல்லுங்க. எதைச் சொன்னாலும் கேட்டுக்குவேன். மூடி மறைச்சாத்தான் எனக்குத் தாங்காது.

இலக்கியா

ஓசூர்,
08.11.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

இதை நான் எழுதுறது எங்க வீட்டுக்குத் தெரியாது. மூணு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு நாலாவதுல எழுதுறேன்.

நான் ஏழாவது படிக்கையில அம்மாவுக்கு மனசு சரியில்லாமப் போச்சு. பத்து நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. விடாமப் பேசிக்கிட்டே இருந்துச்சு. வீட்டுல இருந்த பாத்திரத்தை எல்லாம் தெருவுல போறவங்களுக்கு எடுத்துக் குடுத்துச்சு. அப்புறம் மூணு மாசம் பேச்சே இல்லாமச் சுவரைப் பாத்துப் படுத்துருச்சு. அப்பா திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனார். ஊர்ல மஞ்சள் காமாலைன்னு சொன்னோம். அன்னைக்கு ஆரம்பிச்ச மாத்திரை, பதினெட்டு வருஷம் ஆச்சு. நோய் திரும்பி வரவே இல்லை. என்னைப் படிக்க வச்சது, கடன் இல்லாம வீடு கட்டினது எல்லாம் அதுக்கப்புறம் அம்மா பாத்ததுதான். ஆனா சொந்தக்காரங்களுக்கு அது பிரஷர் மாத்திரை. ஒங்க வீட்டுக்கும் அப்படித்தான் சொன்னோம்.

நீங்க மனநலம்னு சொன்ன அன்னைக்கு அம்மா எனக்குப் போன் பண்ணி அழுதுச்சு. "அவ புஸ்தகத்தைப் பிரிச்சா முதப் பக்கத்துல நான்தான்டா இருப்பேன். வீட்டுக்கு வந்தா என்னை மாமியாராப் பாப்பாளா, நோயாளியாப் பாப்பாளா"ன்னு கேட்டுச்சு. அதான் அந்த மொட்டை லெட்டரை எழுதினேன். ஊர் பேசும்னு அப்பா சொன்னதா எழுதினது பாதிப் பொய். மன்னிச்சுக்கங்க.

சொல்லாமப் பரிசம் போட்டது எங்க தப்பு. ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா வேண்டாம்பார். சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம். நீங்க எந்த முடிவு எடுத்தாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். படிப்பை மட்டும் விடாதீங்க.

ரகுநாத்

திருக்கோகர்ணம்,
11.11.2025

அன்புள்ள மச்சானுக்கு,

லெட்டரைப் படிச்சுட்டு முதல்ல சிரிச்சேன், அப்புறம் அழுதேன். ஷர்லி பயந்துபோயித் தண்ணி கொண்டாந்து குடுத்தா.

எனக்கு ஆனியிலயே தெரியும். பரிசத்தன்னைக்கு அத்தை எனக்குப் பூ வச்சுவிட்டப்போ விரல் லேசா நடுங்குச்சு. ஒரு மணி நேரத்துல மூணு சொம்புத் தண்ணி குடிச்சாங்க. பையிலேர்ந்து கைக்குட்டையை எடுக்கையில மாத்திரை அட்டை கீழே விழுந்துச்சு. அவங்க அந்தப் பக்கம் திரும்பினப்போ நான்தான் எடுத்துப் பைக்குள்ள வச்சேன். மூணு வருஷமா வார்டுல மாத்திரை எடுத்துக் குடுக்கிறவ நான். பேரைப் பாத்தாலே போதும், நடுக்கமும் தாகமும் அந்த மாத்திரையாலதான்னு தெரிஞ்சுபோச்சு. நர்சைப் பொண்ணெடுத்துட்டு அவகிட்டயே மாத்திரையை மறைக்கப் பாத்த குடும்பம் இந்த ஜில்லாவுலயே ஒங்க குடும்பம்தான்.

நீங்கள்லாம் கிளம்பிப் போனப்புறம் ரெண்டு நாள் யோசிச்சேன். ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு, பதினெட்டு வருஷமா, இப்பத்தான் எனக்குக் கணக்கே தெரியுது, ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்தின மனுஷியைப் பாத்து நான் எதுக்குப் பயப்படணும்? கோவம் அத்தை மேல இல்லை, ஒங்க மேலதான். இன்னைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார்னு நாலு மாசமா ஒங்க "ம்"மைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அத்தை போனை வச்சப்பவே காரணம் எனக்குப் புரிஞ்சுபோச்சு. தெரியாத மாதிரி ஒங்ககிட்ட கேட்டது, நீங்களா சொல்லணும்னுதான். சீட் கிடைச்ச குஷியில யோசிக்காம அத்தைகிட்ட பட்டுனு சொன்னது என் தப்பு. அதை நான்தான் சரி பண்ணணும்.

ஞாயித்துக்கிழமை பொன்னமராவதி போறேன். மறுநாள் அங்கிருந்தே மதுரைக்குப் பஸ் ஏறிக்குவேன். நீங்க முன்னாடியே போன் பண்ணி உளறி வைக்காதீங்க.

பிரியமுள்ள,
இலக்கியா

மதுரை,
மகளிர் விடுதி,
18.11.2025

அன்புள்ள மச்சானுக்கு,

போன்ல அத்தை பாதி சொல்லியிருப்பாங்க. மீதியை நான் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை நான் போனப்போ மாமா வயலுக்குப் போயிட்டார். அத்தை கத்திரிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் "வாத்தா"ன்னு சொன்னாங்க, ஆனா முகம் பாக்கலை. சுத்தி வளைக்க எனக்கும் வரலை. "அத்தை, மாத்திரை விஷயம் எனக்குத் தெரியும்"னு சொன்னேன். நறுக்குறதை நிறுத்திட்டு, "எத்தனை நாளா?"ன்னாங்க. "பரிசத்தன்னையிலேர்ந்து." கையைச் சேலையில துடைச்சாங்க. அப்புறம், "தெரிஞ்சுதான் எங்கிட்ட தலையைக் குனிஞ்சு பூ வச்சுக்கிட்டியா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அழுதாங்க. நானும் அழுதேன். கத்திரிக்காய் கருத்துப்போச்சு.

அத்தை ஒங்ககிட்ட கேட்ட கேள்வியை என்கிட்டயும் கேட்டாங்க. வார்டுக்குள்ளதான் நான் நர்சு, வீட்டுல மருமக, நீங்களா கேட்டாத்தான் மாத்திரையைப் பத்திப் பேசுவேன்னு சொன்னேன். "அப்ப ஒங்க அப்பாகிட்ட சொல்லிரு, ஒளிச்சு வச்சுக் கல்யாணம் வேண்டாம்"னாங்க. அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா, "மாப்பிள்ளை வீடு பாக்கப் போனன்னைக்கு எங்களை நல்லாத்தானே கவனிச்சாங்க அந்த அம்மா"ன்னார். அப்புறம், "ஒனக்குச் சம்மதமா?"ன்னார். சம்மதம்னேன். "அப்பறம் என்ன"ன்னு வச்சுட்டார்.

நான் கேக்கவே இல்லை, "நாளைக்கு நானும் வாரேன்"னு அத்தைதான் சொன்னாங்க. கொட்டாம்பட்டி வழியா காலையில பஸ் ஏறினோம். ஏத்திவிட வந்த மாமா, ஜன்னல் வழியா ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் குடுத்துட்டுப் போயிட்டார்.

காலேஜ்ல சான்றிதழ் எல்லாம் சரி பாத்தப்புறம் துறைத் தலைவி மேடத்தைப் பாக்கச் சொன்னாங்க. அத்தையும் கூடவே உள்ள வந்தாங்க. மேடம் ஃபைலைப் புரட்டிக்கிட்டே எண்பது சதவீதம், நூறு சதவீதம் எல்லாம் மறுபடி ஒரு தரம் சொன்னாங்க. அப்புறம், "இந்தப் பிரிவுன்னாலே வீட்டுல ஒத்துக்கிறதில்லைம்மா. போன வருஷம் ஒரு பொண்ணு மூணாவது மாசமே போயிருச்சு. ஒங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்தானே? இவங்க அம்மாவா?"ன்னு கேட்டாங்க.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அத்தை ஒரு அடி முன்னாடி போயிட்டாங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"மாமியாருங்க. தையிலதான் கல்யாணம், இருந்தாலும் மாமியார்தான். எனக்கே மனசுக்குச் சரியில்லாமப் போயி, பதினெட்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன் மேடம். எங்க வீட்டுல சம்மதம். இவ பாதியில வர மாட்டா. வந்தா நான் வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன்."

ஒங்கள்,
இலக்கியா
எம்.எஸ்சி. நர்சிங், முதலாம் ஆண்டு