அரிசி வருமுன் வைத்த உலை

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் என் தலையில் வைத்துவிட்டுப் போன அன்பு அக்காவுக்கு,

நம் சபைப் பத்திரிகையில் உன்னைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: குழந்தையைப் போன்ற விசுவாசம். உன் அடக்க ஆராதனையில் போதகர் அதைத்தான் பேசினார். பெண்கள் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது. மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கியும் அந்தக் கோபம் போகவில்லை.

கணக்கு வாத்தியாராகவே காலத்தைக் கழித்தவனுக்குக் கோபத்தைக்கூட வரிசைப்படுத்தித்தான் சொல்ல வரும். ஆகவே குறிப்புகள்:

1. உன் விசுவாசத்துக்காக நடையாய் நடந்தது யார் என்பது.
2. குழந்தை நம்புவது, அதற்கு ஒன்றும் தெரியாததால்தான் என்பது.
3. நீ தூக்கி வந்த பிள்ளை பாக்கியத்தை விடுதியில் சேர்க்க நான் தீர்மானித்தது.
4. சனிக்கிழமை தம்பானூரில் நடந்தது.

முதல் மூன்றும் வெள்ளிக்கிழமை எழுதியவை. நான்காவது பிறகு சேர்ந்தது. அடித்துத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

முதலாவது. யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோய், ரேஷனில் கொடுப்பது வாரம் முடியுமுன் தீர்ந்துவிடும் நாட்கள் இவை. பானையில் ஒரு மணி அரிசி இருக்காது. நீ அடுப்பை மூட்டி, உலை வைத்து, முழங்காலிடுவாய். தண்ணீர் கொதிக்கும் சத்தம் முன்னறையில் எனக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடிந்ததே இல்லை. பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கி, ஆற்றைக் கடந்து கரமனைக்குப் போவேன்.

யாரிடமும் ஒன்றும் கேட்கத் தெரியாதவன் நான். பள்ளிக்கூடத்தில் சாக்குக்கட்டி தீர்ந்துபோனால்கூட, கேட்கக் கூச்சப்பட்டு வாய்க்கணக்கு நடத்தியவன். என்னைத்தான் அங்கே தாணுப்பிள்ளையின் மளிகைக்கடை வாசலில் நிற்க வைத்தாய்.

"என்ன சாரே, அக்கா இன்னைக்கும் உலை ஏத்தியாச்சா? அந்தக் கர்த்தருக்கு ஊருல வேற கடையே கெடைக்கலியாக்கும்?" என்பார் அவர். கடையில் நிற்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். கடைசியில் கொஞ்சம் நொய்யரிசியோ, மரச்சீனிக் கிழங்கோ பையில் விழும்.

நான் வியர்த்து வந்து நின்றால் நீ என் முகத்தைப் பார்க்கமாட்டாய். பையைத்தான் பார்ப்பாய். "பாத்தியாடே தம்பி, கர்த்தர் குடுத்துட்டாருல்லா!" கொடுத்தது தாணுப்பிள்ளை. கொண்டுவந்தது நான். நன்றி மட்டும் என் தலைக்கு மேலே போய்விடும். அக்கா, ஒரு நாளாவது உலை வைக்குமுன் என்னைப் பார்த்து, "போயிட்டு வாரியாடே?" என்று நீ கேட்டிருக்கக்கூடாதா?

கர்த்தரையாவது மரியாதையாக நடத்தினாயா? அதுவும் இல்லை. நான் திரும்பி வரத் தாமதமானால் ஜெபத்தின் தோரணையே மாறிவிடும். "என்னய்யா, வெறகு எரிஞ்சு தீருது, உமக்குக் காது கேக்கலியா? பிள்ளைய பட்டினி போட்டுட்டு அங்க என்ன சோலி உமக்கு?" பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதே என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். இதையா போதகர் குழந்தையின் விசுவாசம் என்றார்? அவர் இதைக் கேட்டதில்லை.

இரண்டாவது. குழந்தைகளை வகுப்பறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதையும் நம்புவார்கள். கரும்பலகையில் தவறான விடையை எழுதினாலும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். தெரியாமைக்கு நம்பிக்கை என்று பெயர் வைத்து, அதைப் பெரியவர்களும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றால், நான் படித்ததெல்லாம் எதற்கு? ஆண்டவர் சிறுபிள்ளைகளைக் காட்டிச் சொன்னதில் வேறு பொருள் ஏதேனும் இருக்கலாம். எனக்குப் பிடிபடவில்லை. நான் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அச்சடித்த ஜெபத்தை மட்டும் வாசிப்பவன். சொந்தமாக ஒன்றும் கேட்டதில்லை. கேட்டுக் கிடைக்காமல் போனால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

மூன்றாவது. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் நீ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரே காய்ச்சலில் தாயும் தகப்பனும் போய்விட்ட சின்னப்பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கினாய். "இவ பேரு பாக்கியம். இனி நம்ம வீட்டுப் பிள்ளை" என்றாய். நான் யோசிக்க அவகாசம் கேட்குமுன் அவள் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாள்.

உன் கடைசி நாட்களில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த உன்னிடம் கேட்டேன். "அக்கா, இந்தப் பிள்ளைய என்ன செய்ய?"

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

"யாரை வச்சு?"

உனக்குச் சிரிப்பு வந்தது. "அது அவரு பாடு. நீ ஏண்டே கெடந்து முழிக்கே?"

நான் முழிக்காமல் வேறு யார் முழிப்பது? எழுபது வயது. கலியாணம் செய்துகொள்ளக்கூடத் துணியாதவன். பெண்பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விடியுமட்டும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நாளைக்கு நானும் போய்விட்டால் அவள் இரண்டாந்தரம் அநாதை ஆவாள். நாகர்கோவில் பக்கம் ஒரு நல்ல விடுதி இருக்கிறது. அங்கே சேர்ப்பதுதான் நியாயம் என்று தீர்மானித்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாது, தெரியாவிட்டால் அழமாட்டாள். என் இரண்டாவது குறிப்பின்படி அது சரியான வழி.

நான்காவது. சனிக்கிழமை காலையில், "நாகர்கோவிலுக்குப் போய் வருவோமா?" என்று கேட்டு அழைத்துப் போனேன். அவளுடைய பாவாடை சட்டைகள் ஒரு பையில் இருந்தன. இப்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்களைக் கரியில் ஓட்டுகிறார்கள். பின்னால் ஒரு அடுப்பு, அதில் நெருப்புப் பிடித்தால்தான் வண்டி நகரும். அன்று பிடிக்கவில்லை. தம்பானூர் பஸ் நிலையத்தில் எல்லாரும் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பாக்கியம் பையைத் திறந்து பார்த்தாள். நம் வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னை அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று உனக்குத் தெரியும்.

"சார் தாத்தா, ஒங்க வேட்டி எங்க?"

நான் பையின் வாயை இழுத்து மூடினேன்.

"என் துணி மட்டுந்தான் இருக்கு. என்னைய விட்டுட்டு நீங்க மட்டும் திரும்பி வரப் போறீங்க."

"அங்கே உன்னைப்போல நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள், அம்மா. விளையாடலாம்…"

"பொய்யி!" என்றாள். என் வலது கையைப் பிடித்து, மணிக்கட்டுக்குக் கீழே பல் பதியக் கடித்தாள். இரண்டு முஷ்டியாலும் நெஞ்சில் குத்தினாள். "எனக்குத் தெரியும்! முந்தாநாளே தெரியும்! நீங்க என் துணியப் பையில தட்டித் தட்டி வச்சத நான் பாத்தேன். கர்த்தர்கிட்டச் சொல்லிக்குடுப்பேன். அவரு ஒங்கள அடிப்பாரு!"

பழக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். "அய்யோ சாரே, கொச்சு நல்லா கடிச்சல்லோ! ரத்தம் வந்நோ?" எனக்கு அந்தப் புகைக்குள் மறைந்துவிடலாம்போல இருந்தது.

பாக்கியம் அழுது களைத்தாள். பிறகு செய்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். என் மடியில் ஏறினாள். கடித்த கையையே இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். பக்கத்தில் பை இருந்தது, என் இடது கையும் சும்மாதான் இருந்தது. அவள் அவற்றைத் தேடவில்லை.

நெருப்புப் பிடித்தது. எல்லாரும் ஏறினார்கள். கண்டக்டர் வந்து, "சாரே, கேறுன்னில்லே? வண்டி விடான் போணு" என்று ஏறச்சொல்லி அவசரப்படுத்தினான்.

வாழ்நாளில் எந்தக் கண்டக்டருக்கும் மறுவார்த்தை சொல்லாதவன் நான். "இல்லை. நீங்கள் போகலாம்" என்றேன். கையை அசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பானை காலி. "உலை வைக்கவா?" என்று கேட்டாள். அரிசி இல்லை என்றேன். "அதனால என்ன? டீச்சரம்மா வைப்பாங்கல்லா?" என்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உன் மேலா, அவள் மேலா என்று யோசித்தேன். இரண்டும் இல்லை. அடுக்களைக் கூரையை நிமிர்ந்து பார்த்து முதல்முறையாகப் புத்தகம் இல்லாமல் பேசினேன். "ஆண்டவரே, நீர் செய்வது சற்றும் நியாயமல்ல. எனக்கு வயதாகிவிட்டது. இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று நினைத்தீர்? பதில் சொல்லும்."

பாக்கியம் முகத்தைச் சுளித்தாள். "இப்படி இல்ல, சார் தாத்தா. சத்தமாச் சொல்லணும்."

சத்தமாகச் சொன்னேன். ஜன்னல் திறந்தே இருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு கரமனைக்கு நடந்தேன். அவளும் கூட வந்தாள். தாணுப்பிள்ளை என் கையில் இருந்த பல் தடத்தைப் பார்த்துவிட்டுப் பரிகாசம் ஒன்றும் பேசாமல் நொய்யை அளந்து போட்டார்.

அக்கா, உன்மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை. முதல் குறிப்பு அப்படியே நிற்கிறது. நீ கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது ஒரு தீர்மானந்தான், கருத்து அல்ல, ஆகவே அதை மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. பாக்கியம் என்னிடம் இருப்பாள். தலை பின்னக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த வீட்டில் இனி அரிசி வந்த பிறகுதான் உலை ஏறும். இது உனக்கு நான் தரும் வாக்கு. அரிசி வராத நாளில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைக் கேட்பேன். அதுவும் வாக்குதான்.

இரண்டாவது குறிப்பு தவறு. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பல் தடம் இன்னும் மறையாத கையோடு,
உன் கூடப்பிறந்த தம்பி