நீல நாற்காலியின் பின்பக்கம்

காலையிலிருந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கையில் எண்ணெய்ச் சாயத்தின் வாசனை போகவில்லை. நேற்று பேகம்பூரில் உன் வீட்டில், நீ தூரிகை துடைக்கும் சாயத் துணியைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்த நீல நாற்காலிப் படத்தைத் தூக்கினேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உன் படங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். "சார், அந்தக் காலி நாற்காலி அவரோட இறந்துபோன அப்பாவுக்காக வரைஞ்சதுன்னு ஒரு புத்தகம், ஒரு பத்திரிகை, ஒரு வெப்சைட், மூணுலயும் இருக்கு. ஆனா மூணு பேரும் உங்க கட்டுரையிலருந்துதான் எடுத்திருக்காங்க. உங்களுக்கு யார் சார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லையடா. உன் முதல் கண்காட்சிக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். "ஞாயித்துக்கிழம வாரேன், எல்லாத்தையும் உக்காந்து கேட்டுக்கிறேன்" என்று உன்னிடம் சொன்னேன். அப்புறம் அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று இழுத்தேன். கடைசியில் நீ போனில் அனுப்பிய படங்களை வைத்தே எழுதிவிட்டேன். அதில் ஒன்று, காலி நாற்காலியும் பக்கத்தில் மூடி வைத்த டீ கிளாஸும். உங்கள் அத்தா அந்த வருஷம்தான் இறந்திருந்தார். இரண்டுக்கும் நானே முடிச்சுப் போட்டேன். செத்தவருக்கு எதற்கு டீ என்றுகூட யோசிக்கவில்லை, மடையன்.

படித்துவிட்டு நீ போனில் சிரித்தாய். "நல்லாத்தான்லே எழுதிருக்க. படத்தத் திருப்பிப் பாத்தியா?"

படம் முடிந்ததும் அன்றைக்கு நடந்ததைப் பின்னால் பென்சிலால் எழுதுவாய். யார் வந்தார்கள், வீட்டில் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்பது வரை இருக்கும். இது எனக்குத் தெரியாததா? "வாரேன்லே, வந்து பாக்குறேன்" என்றேன். உன்னை அடக்கம் செய்த அன்றைக்குத்தான் வந்தேன்.

நேற்று உன் தங்கச்சி, "அண்ணே, பாத்துப் பிடிங்க, ஆணி இருக்கு" என்று சொல்லிப் படத்தைக் கொடுத்தாள். திருப்பினேன். உன் கோணல் எழுத்து.

"ஞாயிறு. எழுத வாரேன்னான். டீ போட்டு மூடி வச்சேன். நாலு மணி வரைக்கும் பாத்தேன். ஆளக் காணோம். சரி, நாற்காலியவாவது வரைவோம்."

உன் தங்கச்சி முன்னால் அழக் கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. ஆனால் பார், நீ என் பேரை எழுதவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கெட்ட புத்தி. பேர்தான் இல்லையே, அத்தா நாற்காலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது?

வீட்டுக்கு வந்தும் கையில் உன் வாசனை. போனில் எடுத்திருந்த பின்பக்கத்தை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"வாரேன்னு சொன்னவர் யாரு சார்? எதுலயுமே இல்லையே. யார்கிட்ட கேக்குறது?"

"என்கிட்டயே கேளும்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்து நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

இப்போது யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் எதிரே அந்த நீல நாற்காலி வந்து நிற்கிறது. டீ ஆறிக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் வரவில்லை.