மணையை விட்டு எழுந்தவள்

விம்கோ நகர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

யசோதரா எழுதுவது. தம்பி நிலவன் நன்றாக இருக்கிறான். நேற்று போனில் என்னைப் பேசவே விடாமல், உங்கள் அக்கா பூவம்மா அத்தை காலில் விழுந்து மன்னிப்புக் கேள் என்றீர்கள். கேட்க மாட்டேன். ஏன் என்று இந்தத் தாளில் எழுதி, படமெடுத்து அம்மா போனில் அனுப்புகிறேன். கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் வீடு முழுக்கச் சளி. நிலவனுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்றாம் நாள் தெருவில் கிரிக்கெட் ஆடினான். வரதன் மாமாவுக்கும் இருமல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் மஞ்சள் நீராட்டு. அம்மாவுக்கு இருக்கும் ஒரே அண்ணன் அவர். தாய்மாமன் சீர் வைக்காமல் சடங்கு நடக்காதே. அத்தை அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்து, "ஒடம்பு ஜில்லுனு கீது, இவருக்கு இன்னா கேடு? மோளத்த அடிக்கச் சொல்லு" என்று முடித்துவிட்டார்கள்.

மாமாவுக்கு வயது அறுபத்தேழு. சீர்த்தட்டோடு மூன்று தெரு நடந்து வந்தார். மணையில் உட்கார்ந்திருந்த எனக்குப் போட வேண்டிய மாலையை, பக்கத்தில் நின்ற என் தோழி கெங்கம்மாவின் கழுத்தில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "இன்னா மாமு, காலீலயே ஏத்திக்கினியா?" என்று யாரோ கத்தினார்கள். அவர் குடிக்கவே மாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். வீடியோக்காரரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து மாமாவின் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து நான்கு, இருபதைத் தாண்டக் கூடாது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

எழுந்துவிட்டேன். "குந்துனவ பாதில எயுந்தா வூட்டுக்கு ஆவாதுடி!" என்று அத்தை கையைப் பிடித்தார்கள். உதறினேன். உதறியது மட்டும் தப்பு என்றால் தப்புதான். பட்டுப்புடவையோடு மாமாவை ஆட்டோவில் ஏற்றினேன். அம்மாவும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் மாமா, "எந்தக் கப்பலும்மா வந்துகீது? லோடு எறக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் துறைமுக வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது, அப்பா.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஆக்சிஜன் எண்பத்து மூன்று. நிமோனியா. டாக்டர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வயதானால் உடம்பின் எதிர்ப்புப் படை மெதுவாகத்தான் திரளுமாம். கிருமி உள்ளே பெருகிய பிறகும் காய்ச்சல் வராமலே போகலாம். தாமதமாக வரும் படை சில நேரம் நிதானம் தெரியாமல் நுரையீரலையும் சேர்த்து அடித்துவிடும். நிலவனின் உடம்பு கொதித்தது, அது உடனே சண்டை போட்டதால். மாமா ஜில்லென்று இருந்ததை நாம் நல்லது என்று நினைத்துவிட்டோம். குழம்பிப் பேசியதும் மூச்சு இரைத்ததும்தான் அவருக்கு வந்த காய்ச்சல்.

மாமா இன்னும் ஆக்சிஜனில்தான் இருக்கிறார். இரண்டு நாள் போக வேண்டும் என்கிறார்கள். அத்தை அதற்குள் வேறொருவரைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்தி, சடங்கை மறுபடி நடத்த நாள் பார்க்கிறார்கள். நான் உட்கார மாட்டேன். மாமா வரட்டும்.

அப்பா, நேற்று என்னைத் திட்டும்போது நடுநடுவே இருமினீர்கள். ஐந்து முறை. கேட்டதற்கு, காய்ச்சல் இல்லை, வெறும் சளிதான் என்றீர்கள். உங்களுக்கு ஐம்பத்து நான்கு வயது, சர்க்கரையும் இருக்கிறது. மஸ்கட்டில் உங்கள் முகத்தைப் பார்த்து உதடு என்ன நிறம் என்று சொல்லக்கூட யாருமில்லை. நாளைக்கே டாக்டரிடம் போங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் அந்தக் கருவி காட்டுகிற எண்ணை எனக்கு அனுப்புங்கள். அதன் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டுங்கள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சுகமாக இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்துடன்,
உங்கள் மகள்
யசோதரா