நரையன் மேல் ஒரு முறைப்பாடு

19 ஜூன் 2025, வியாழன்

சோளகக் காற்று பலமாக அடிக்கிறது. முருங்கையில் ஒரு கொப்பு முறிந்து கிடக்கிறது.

காலையில் பக்கத்து வீட்டுப் பிரகலாதன் வந்தான். வழக்கமாகக் கிணற்றடியில் நின்றே கூப்பிடுகிறவன், இன்று சேட் போட்டு, றோட்டால் சுற்றி, கேற்றடிக்கு வந்திருந்தான். அப்போதே எனக்கு ஐமிச்சம்.

"அக்கா, உங்கடை நரையன் எங்கடை ஷீபாவைக் கெடுத்துப்போட்டான்."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். ஷீபா அவனுடைய ஜேர்மன் செப்பேர்ட் பெட்டை. போன மாதம் பருவத்துக்கு வந்தது. கூட்டில் அடைத்து வைத்தான். சோடி சேர்க்கக் கண்டியிலிருந்து அதே சாதியில் ஒரு கடுவன் நாய் வந்தது. ஷீபா அதைக் கிட்ட விடவில்லை, குந்தி இருந்துவிட்டது. கடுவனைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். நேற்று மிருக வைத்தியரிடம் காட்டினால் வயிற்றில் குட்டி, ஏறக்குறைய நாலு கிழமை. ஆகவே தகப்பன் நரையன்.

அந்த "ஆகவே" எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன்.

"வேறை ஆர் அக்கா? சுத்திவர ஆறடி மதில், மேலை குத்தி வைச்ச போத்தில் ஓடு. உங்கடை பக்கம் மட்டும்தானே கிணத்தடி திறந்து கிடக்கு. அதை அடைச்சால் ஒரு கரைச்சலும் இல்லை."

கடைசி வசனத்தைப் போகிற போக்கில் சொன்னான். ஆட்கள் போகிற போக்கில் சொல்வதற்காகத்தான் வருவார்கள்.

எங்களுடையது பங்குக் கிணறு. மதில் இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக்கட்டோடு முட்டி நின்றுவிடும். பாதிக் கிணறு எனக்கு, பாதி அவனுக்கு. என் பங்கை வாங்கித் தூர்க்க இரண்டு தரம் கேட்டான். மாட்டேன் என்றேன். மூன்றாம் தரம் நாயின் பெயரில் கேட்கிறானா?

என் நரையன் ஊர்நாய், பன்னிரண்டு வயதுக் கிழவன். ஓட்டோ மோதியதிலிருந்து ஒரு பின்னங்கால் வளைவு. வாசற்படியில் ஏறவே என் முகத்தைப் பார்க்கிறவன்.

20 ஜூன், வெள்ளி

கிணற்றுக்கட்டு என் இடுப்பளவு. மேற்பக்கம் ஒன்றரைச் சாண் அகலம். ஒரு பிஸ்கட்டைக் கட்டின் மேல் வைத்து நரையனைக் கூப்பிட்டேன். பிஸ்கட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். படுத்துவிட்டான்.

21 ஜூன், சனி

இளம் நிருபர் கோபிசங்கர் பேப்பர் அலுவலகத்திலிருந்து போன் எடுத்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கப்போகிறார்கள், குட்டி விலை ஏறும், நாய்க்குட்டி வியாபாரம் பற்றி என் பத்தியில் எழுதட்டாம். ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கடுவன் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஊர், பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகிறது.

அவன் தன்னுடைய செய்தி ஒன்றையும் வாசித்துக் காட்டினான். மூன்று இடத்தில் "எனக் கூறப்படுகிறது."

"ஆர் கூறினது?" என்றேன்.

"எல்லாரும்தான் அக்கா."

"எல்லாருக்கும் பேர் இருக்கு. பேர் இல்லாட்டி வெட்டு."

"வெட்டினால் செய்தியே மிஞ்சாதக்கா" என்றான். பின்னர் வெட்டினான்.

நாலு கிழமை. பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால் மே நடுப்பகுதிக்குப் பிந்திய நாட்கள். அந்த நாட்களில் நான் கண் காட்டக் கொழும்பில். கேற்றைப் பூட்டி, திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனது பிரகலாதனின் மனைவி சுவர்ணாவிடம், நரையனுக்குச் சோறு வைக்க.

இது எனக்கு ஏன் இரண்டு நாள் கழித்து ஞாபகம் வருகிறது? சுவர்ணாவைச் சந்தேகிக்க விருப்பமில்லாததாலா? விருப்பத்துக்குச் செய்தியில் இடமில்லை.

22 ஜூன், ஞாயிறு

சுவர்ணா தண்ணீர் அள்ள வந்தாள். மோட்டர் இருக்க ஏன் வாளி? என்னைக் கண்டதும் பாதி வாளியோடு போய்விட்டாள்.

23 ஜூன், திங்கள்

மிருக வைத்தியர் உதயகலாவிடம் போனேன். பத்திக்காக என்று சொன்னேன். பாதி உண்மை.

ஷீபாவுக்கு ஏழு வயது. இதுவரை நாலு ஈத்து. கடைசி இரண்டும் வயிற்றைக் கீறி எடுத்தவை. போன முறை இரத்தம் நிற்கவில்லை. "இனி ஒரு ஈத்து அது தாங்காது. போன முறையே கர்ப்பப்பையை எடுத்துவிடுவம் எண்டனான். அவர், இன்னும் ஒரேயொரு முறை எண்டார். எப்பவும் ஒரேயொரு முறைதான்."

"சுவர்ணாவுக்கு உது தெரியுமோ?"

"அவதானே ஒவ்வொரு முறையும் கொண்டு வாறவ. போன முறை நிலத்திலை இருந்து அழுதவ."

இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒரு கிழமைக்குள் குட்டிகளோடு கர்ப்பப்பையை எடுத்தால் ஷீபா தப்பும். சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பிரகலாதனை றோட்டில் கண்டேன். ஷீபாவின் வயதைக் கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"என்னை ஏதோ கொலைகாரன் மாதிரிப் பாக்கிறியள். நானோ சந்தையடியிலை குட்டி விடுறன்? என்ரை குட்டியள் பெட்டையெண்டாலும் ஆள் வந்து கொண்டுபோகுது. ஷீபா தின்னிற இறைச்சி நான் தின்னிறேல்லை. ஆடு ஈனுது, மாடு ஈனுது, அதைப் பற்றி ஒருதரும் பத்தி எழுதக் காணேல்லை."

அவன் சொன்னதில் பொய் இல்லை. போன முறை நிற்காத இரத்தத்தை மட்டும் விட்டுவிட்டான். அதை அவன் சொல்லமாட்டான்.

25 ஜூன், புதன்

நீர்வேலி. கனகரத்தினம் அண்ணையின் வாழைத்தோட்டம். ஷீபாவின் அடுத்த ஈத்தில் ஒரு கடுவனுக்குச் சொல்லி வைத்திருந்தவர், வேண்டாம் என்றுவிட்டாராம். அவர் வாயால் கேட்க வேண்டும் என்று போனேன்.

"இந்த ஈத்து இல்லாட்டி அடுத்த ஈத்திலை எடுக்கலாம்தானே அண்ணை?"

"என்ன விசர்க்கதை தங்கச்சி? ஒருக்கா ஊர்நாய் சேந்தால் அதுக்குப் பிறகு அந்தப் பெட்டை சாதிக்குட்டி போடாது. ரத்தம் கலந்திட்டுதெல்லே. பிறகு எந்தக் கடுவனை விட்டாலும் ஒரு குட்டியிலையாவது காட்டும்."

"பிரகலாதனும் உதை நம்புறானோ?"

"நம்பாமல்? அவன்தானே எனக்கே சொன்னவன்."

இரத்தம் கலந்துவிட்டது. நாயைப் பற்றி இல்லாமலும் இந்த வசனத்தை நாற்பது வருடமாகக் கேட்கிறேன். கலியாண வீடுகளில், கோயில் கூட்டங்களில், தாழ்ந்த குரலில். ஒருமுறைகூட அச்சில் போட விட்டதில்லை. நாய் என்றபடியால் கனகரத்தினம் அண்ணை சத்தமாகச் சொல்கிறார்.

உதயகலாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "சுத்தப் பொய். ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எத்தினை பேருக்குத்தான் சொல்லுறது!"

பஸ்சில் வரும்போதுதான் எல்லாம் பொருந்தியது. ஷீபா இனி ஈனக்கூடாது என்று நினைக்கிற ஆள் ஒன்று. அந்த ஆளின் கையில் என் கேற் திறப்பு. புருசன் எதை நம்புகிறான் என்றும் அந்த ஆளுக்குத் தெரியும். ஷீபாவை விலையில்லாத பெட்டையாக்கினால் அவனாகவே கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிப்பான். அதற்கு ஒரு ஊர்நாய் போதும்.

கெட்டிக்காரி. ஆனால் வயிற்றில் ஏற்றிவிட்டுத்தானே காப்பாற்றப் பார்க்கிறாள்? அவன் சம்மதிக்காவிட்டால்?

26 ஜூன், வியாழன்

கிணற்றடியில் காத்திருந்து பிடித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் தண்ணீர்.

"சுவர்ணா, நான் கொழும்பிலை நிண்ட நாளிலை நரையனை உங்கடை பக்கம் தூக்கிக்கொண்டு போனனியோ?"

வாளிக் கயிற்றை விட்டுவிட்டாள்.

நான் கண்டுபிடித்ததை வரிசையாகச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வெளிக்கிட்டாள். நான் விடவில்லை. முழுதையும் சொல்லி முடித்தேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை எண்டால் நம்புவியளோ?"

"நம்பமாட்டன்."

"நாப்பது வருசம் பேப்பருக்கு எழுதினால் உப்பிடித்தான் வரும்போலை." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அப்ப செய்தனான் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. இவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. போனமுறை ஷீபா கண் திறக்க ரெண்டு நாள் சென்றது அக்கா. பக்கத்திலை நான்தான் கிடந்தனான். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. இப்படியான வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுத முடியாது. ஆனால் எனக்குப் போதும்.

27 ஜூன், வெள்ளி

வயிற்றில் இருப்பது நரையனின் குட்டிகள். அவன் இன்னும் எவ்வளவு காலம் இருப்பான்? ஒன்றே ஒன்று, பெட்டையென்றாலும், எனக்கு மிஞ்சினால்...

இல்லை. நானும் "ஒரேயொரு முறை" என்கிறேன்.

28 ஜூன், சனி

பின்னேரம் பிரகலாதன் கிணற்றடிக்கு வந்து கூப்பிட்டான். சேட் இல்லை. இது அயலவனாக வந்த வருகை.

"அக்கா, ஒரு விசயம் கேக்கவேணும். கர்ப்பப்பையையும் சேத்து எடுக்கச் சொல்லுறா டொக்டர். அவ எப்பவும் உதைத்தான் சொல்லுவா. ஊசி போட்டுக் கலைச்சால் அடுத்த பருவத்துக்குப் பாக்கலாம் எண்டு இன்னொரு ஆள் சொல்லுறான். ஆனால் இவள் இனிச் சாதிக்குட்டி போடமாட்டாள் எண்டால் ஊசி போட்டும் பிரயோசனம் இல்லை. நீங்கள் விசாரிக்காமல் ஒண்டும் கதைக்கிற ஆள் இல்லை. ரத்தம் கலந்தால் கலந்ததுதான் எண்டு சொல்லுறது உண்மையோ?"

அவனுக்குப் பின்னால் வீட்டின் பின்பக்கக் கோடிக் கதவில் சுவர்ணா நின்றாள். ஷீபா அவள் காலடியில் படுத்திருந்தது.

உண்மை எனக்குத் தெரியும். புதன்கிழமை, படித்த வைத்தியர் ஒருவர், பெயரோடு சொன்ன உண்மை. அதைச் சொன்னால் ஊசி. ஊசி என்றால் அடுத்த பருவம். அடுத்த பருவம் என்றால் —

"அப்பிடித்தான் சொல்லுகினம்" என்றேன்.

"ஆர்?"

"கன பேர்."

அவன் தலையாட்டினான். அந்தக் கன பேரில் தானும் ஒருவன் என்று அவனுக்குத் தோன்றவில்லை. "நானும் அப்பிடித்தான் கேள்விப்பட்டனான்" என்றுவிட்டுப் போனான்.

சொன்ன வசனத்தில் பொய் இல்லை. கன பேர் சொல்லத்தான் செய்கிறார்கள். கோபிசங்கர் எழுதியிருந்தால் வெட்டியிருப்பேன்.

அதைவிட எனக்கு உறைப்பது வேறு. இரத்தம் கலந்துவிட்டது என்ற கதைக்கு இன்று என் வாயும் ஒரு சாட்சி.

1 ஜூலை, செவ்வாய்

நேற்று ஒப்பரேசன் முடிந்தது. ஷீபா இன்று காலையே கண் திறந்து சுவர்ணாவின் கையை நக்கியதாம். எத்தனை குட்டி என்று உதயகலா சொல்ல வந்தார். வேண்டாம் என்றேன். ஒரு எண்ணிக்கையை நான் கேளாமல் விட்டது இதுதான் முதல்.

12 ஜூலை, சனி

பத்தி வெளிவந்தது. பெட்டைக் குட்டிகள், உரப்பை, சந்தை, ஈத்துக்கு ஈத்து விடவேண்டிய இடைவெளி. இரத்தம் பற்றிய மூடக்கதையை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். பிரகலாதன் பேப்பர் எடுக்கிறவன்; வாசித்தால் என்னிடம்தான் வந்து கேட்பான்.

3 ஓகஸ்ட், ஞாயிறு

விடியப் பூப்பறிக்க வெளியே வந்தேன். கிணற்றுக்கட்டின் மேல் ஷீபா.

ஆள் இல்லை, கயிறு இல்லை. ஒன்றரைச் சாண் கட்டின் மேல் நாலு காலையும் ஒன்றன் பின் ஒன்றாக வைத்து, மதில் முனையைச் சுற்றி, தண்ணீரை எட்டியும் பார்க்காமல் நடந்து வந்து என் பக்கத்தில் குதித்தது. வயிற்று மயிர் இன்னும் முளைக்கவில்லை. பூக்கூடையோடு நின்றுவிட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சுவர்ணாவின் குரல். "உங்கடை பக்கம் வந்திட்டாளோ அக்கா? பயப்பிடாதேங்கோ, அவள் விழமாட்டாள்."

"உது எப்ப தொடக்கம்?"

"எப்பவும்தான். கூடு கழுவ வெளியிலை விட்டால் முதல் வேலை உது. நீங்கள் கொழும்பிலை நிண்ட நேரமும் கழுவ விட்டனான். திரும்பிப் பாக்க இவளைக் காணேல்லை. உங்கடை கேற்றைத் திறந்து போய்ப் பாத்தால்..." நிறுத்திவிட்டாள். "அண்டைக்குச் சொல்ல வெளிக்கிட்டனான். நீங்கள் விடேல்லை."

"பிறகாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் சொன்ன கதையிலை நான் நல்ல கெட்டிக்காரியாய் இருந்தன் அக்கா. அதுதான் விட்டிட்டன்."

அவள் சொல்வதை நம்பலாமா? யோசித்துப் பார்த்தேன். பழக்கம்.

நரையன் எப்படிப் போனான் என்றே பிரகலாதன் கேட்டான். நானும் அதையே கேட்டேன். கிணற்றுக்கட்டை அளந்தேன், பிஸ்கட் வைத்தேன், நீர்வேலி வரை பஸ் ஏறினேன். ஷீபா எப்படி வந்திருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெட்டை அடைத்த இடத்தில் இருக்கும் என்று, பிரகலாதனைப் போலவே, நானும் நினைத்திருக்கிறேன்.

ஷீபா முற்றத்தைக் குறுக்கறுத்து, வழி தேடாமல், நேரே விறாந்தைக்கு ஏறி நரையனுக்குப் பக்கத்தில் படுத்தது. அவன் எழும்பவில்லை. குரைக்கவுமில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, தெரிந்த ஆளுக்கு ஆட்டுவதுபோல் வாலை ஒருமுறை ஆட்டி, கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் விட்டான்.