மூன்றாவது கோப்பை

அன்புள்ளவளுக்கு,

உன் அண்ணன் கின்ஜியின் வலது கண் இனித் தேறாதாம்.

நீகாதா ஊர்ச் சுவைப்போட்டியில் மூன்று சாக்கே அரிசி மதுக்களை வைத்தார்கள். முதலாவதில் பேரிக்காய் மணம். இரண்டாவது கலங்கலாக, இனிப்பாக இருந்தது. மூன்றாவது உன் அண்ணன் வடித்தது. பாட்டிலில் அரிசி மட்டுமே என்று எழுதியிருந்தார். விழுங்கியதும் தொண்டை காந்தியது. அரிசிக்கு அந்தக் காந்தல் கிடையாது.

"மச்சான், இதுல ஸ்பிரிட் கலந்திருக்கு," என்றேன், எல்லார் முன்னாலும்.

"என் சோத்தைத் தின்னுட்டு என்னையே திருடங்கிறியா?" என்று பாட்டிலால் என் வாயை உடைத்தார். நான் கோப்பையை உடைத்து அவர் முகத்தில் குத்தினேன்.

"சத்தியமா நான் கலக்கலடா," என்று ரத்தத்தோடு அழுதார். அவர் சாக்கே ஊறவைக்கும் தொட்டியறையின் சாவி உன்னிடமும் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

போலீஸிடம் குடிவெறியில் குத்தினேன் என்றே சொல்லியிருக்கிறேன். உன் அண்ணனிடம் உண்மையை நீயே சொல்லிவிடு.

காவலறையிலிருந்து,
உன் கணவன்