478 மைக்ரான்

ஆம்பூர்
5.8.2002

அன்பு ஜெனி,

சனிக்கிழமை உன் கண் ஆஸ்பத்திரியில், அளவு என்னவென்று உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பதில் சொல்லாமல் "எழுதுறேன், போ" என்று பஸ் ஏற்றிவிட்டாய். கண்ணில் மரத்துப்போகிற மருந்தை விட்டு, பேனா மாதிரி ஒன்றை வைத்துத் தொட்டாயே, அப்போதே உன் முகம் சரியில்லை. அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் கண்ணாடி இல்லாமலும் எனக்குத் தெரியும் டி.

போன் மட்டும் செய்யாதே. அது ஹாலில் இருக்கிறது, மகள் என்ன பேசுகிறாள் என்று கேட்க அம்மி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பள்ளியில் பெஞ்சுக்கு அடியில் சீட்டு அனுப்பிக்கொண்டோமே, அதுபோல எழுதிவிடு.

அம்மி போட்ட முடிச்சு உனக்குத் தெரியும். வாலாஜாபேட்டைக்காரர்கள் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கண்ணாடியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைப் பிடித்து, "இன்னா அழகான கண்ணு! கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். "இல்லை" என்று அம்மி சிரித்தாள். நானும் தலையாட்டினேன். அப்பா வெளி அறையில் ஆண்களோடு இருந்தார், அவருக்கு இந்தப் பொய் தெரியாது. அக்டோபர் 13 நிக்காஹ். அதற்குள் லேசர் செய்துகொண்டால் பொய்யே உண்மையாகிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை.

என்ன அளவு வந்தது? மூன்று நாளாக டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்றே தெரியாமல் குடிக்கிறேன். உடனே எழுது.

உன்
அம்பரீன்


வேலூர்
8.8.2002

என் அருமை அம்பரீனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சர்க்கரை போடாமலே குடி, கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவாய்.

விளையாட்டு போதும். நான் அளந்தது கார்னியாவை. கருவிழிக்கு மேலே தெளிவாக ஒரு தோல் இருக்கிறதே, அதன் தடிமனை. உனக்கு வலது கண்ணில் 478 மைக்ரான், இடதில் 481. அதாவது அரை மில்லிமீட்டருக்கும் கம்மி. பொதுவாக எல்லோருக்கும் ஐந்நூற்று நாற்பதுக்கு முன்னே பின்னே இருக்கும்.

லேசர் செய்யும்போது முதலில் மேலே ஒரு மூடி மாதிரி சீவித் திறப்பார்கள். அதற்கே நூற்று அறுபது போய்விடும். உன் பவர் மைனஸ் ஒன்பது. அதைச் சரிசெய்ய லேசர் இன்னும் நூற்றுப் பத்துக்கு மேல் சுரண்டும். மிஞ்சுவது இருநூறுதான். அடியில் இருநூற்று ஐம்பதாவது மிஞ்சினால்தான் எங்கள் டாக்டர் தொடுவார். உன் கண்ணுக்கு லேசர் ஒத்துவராது, அம்பு. நூறு முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். உன் எதிரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

உன் ஃபைல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டாக்டர் சென்னையிலிருந்து 17-ஆம் தேதி மறுபடி வருகிறார், அன்று வைப்பேன். அதற்குள் நீயே வீட்டில் பேசிவிடு. முதலில் அப்பாவிடம் பேசு.

என்றும் உன் நலம் வேண்டும்
ஜெனிஃபா


ஆம்பூர்
11.8.2002

ஜெனி, என் செல்லமே,

நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் தோல்காரர் நிசார் அஹமதுவின் மகள், எனக்கா தடிமன் பற்றிச் சொல்கிறாய்?

அப்பாவின் தோல் பதனிடும் டேனரியில் பார்ட்டி ஒரு மில்லி கேட்டால், பாயிண்ட் ஒன்பது இருக்கிற தோலையும் கட்டுக்கு நடுவில் வைத்து அனுப்புகிறார்கள். ஜெர்மனிக்காரன் இன்றுவரை ஒரு கட்டையும் திருப்பி அனுப்பியதில்லை. கையுறைக்குப் போகிற தோல் அரை மில்லிதான். அதை மாட்டிக்கொண்டு அங்கே பனியில் கார் ஓட்டுகிறார்கள், கிழிந்தா போகிறது? உங்கள் டாக்டர் பயத்துக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். எல்லா அளவிலும் முன்னே பின்னே விட்டுத்தான் வைப்பார்கள்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐந்நூற்று நாற்பது என்று எழுதிவிடு. அளந்தது நீ, எழுதுவது நீ, யாருக்குத் தெரியப்போகிறது? ஷாயிஸ்தா, என் தங்கை, அவள் மட்டும்தான் இங்கே எனக்குத் துணை. அவளுக்குத் தெருக்கோடியில் வருகிற கம்பெனி பஸ்ஸின் நம்பர் தெரிகிறது. எனக்கு பஸ்ஸே தெரியாது. மூன்றாம் வகுப்பிலிருந்து சோடாபுட்டி என்று கூப்பிட்டார்களே, நீயும் ஒரு தடவை கூப்பிட்டாய். அதையாவது நினைத்துக்கொள்.

காலில் விழுந்து கேட்கும்
அம்பரீன்


வேலூர்
14.8.2002

அன்பு அம்பரீன்,

காலிலெல்லாம் விழாதே, கண்ணாடி விழுந்து உடையும்.

தோலை வைத்துக் கணக்குப் போட்டாய். கையுறைக்குப் போகிற தோல் சும்மா கிடக்கிற தோல். கண் அப்படி இல்லை. உள்ளேயிருந்து எந்நேரமும் அதை ஒரு அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் டியூப் பிதுங்கிக்கொண்டு வருமே, அப்படி வரும். உடனே வராது, ஒரு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து வரும். அப்போது நீ இன்று போடுகிற கண்ணாடியைப் போட்டாலும் கலங்கலாகத்தான் தெரியும். யாராவது இறந்துபோனவரின் கார்னியாவுக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

லேசர் செய்கிற சென்னையில் மறுபடி அளப்பார்களா என்றால், அளப்பதில்லை. இங்கே நான் எழுதுகிற அளவை வைத்துத்தான் அங்கே ஆழம் முடிவாகிறது. உண்மையைச் சொல்கிறேன், நேற்று உன் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவும் கையுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைக் கண்டு பயமாகிவிட்டது. 478 என்றே எழுதி மூடினேன்.

கோபப்படு. திட்டு. ஆனால் கண்ணைக் கேட்காதே.

ஜெனிஃபா


ஆம்பூர்
19.8.2002

ஜெனிஃபா,

உங்கள் டாக்டர் என் ஃபைலில் 'முடியாது' என்று எழுதிவிட்டாராம். போன் செய்து கேட்டோம். ரொம்ப சந்தோஷமா?

உனக்கும் முப்பது ஆகப்போகிறது, வந்த வரனெல்லாம் தட்டிப்போகிறது. தோஸ்துக்கு மட்டும் அமைவதைப் பொறுக்க முடியவில்லை என்று அம்மி சொல்கிறாள். இத்தனை நாள் நான் அதை மறுத்துப் பேசினேன். இனிமேல் மறுக்க மாட்டேன்.

அம்பரீன்


வேலூர்
9.9.2002

அம்பரீன்,

உன் கடைசிக் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்துச் சாப்பிட்டேன். அதைப் பற்றி இப்போது பேச நேரமில்லை.

ஆற்காட்டில் அக்காவுக்குப் பிரசவம் என்று பத்து நாள் லீவில் போயிருந்தேன். இன்று காலை வந்து லேசர் பட்டியலைப் பார்க்கிறேன், 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை உன் பெயர். ஃபைலை எடுத்தேன். முதல் அளவில் சந்தேகம் என்று நீங்கள் கேட்டு, 31-ஆம் தேதி மறுபடி அளந்ததில் வலது 552, இடது 549 என்று இருக்கிறது. ஒரே மாதத்தில் உன் கார்னியா எழுபது மைக்ரான் வளர்ந்துவிட்டதா? கார்னியா வளராது டி.

நான் இல்லாத அன்று அளந்தது என்னோடு வேலை பார்க்கிற ஆரோக்கியமேரி அக்கா. கேட்டேன். "நல்ல செவப்பா, கன்னத்துல மச்சம் வெச்ச பொண்ணு. பேரு கேட்டா அம்பரீன்னு சொல்லுச்சு. டக்குனு குந்திச்சு, இன்னா நல்லா ஒத்துழைச்சுதுன்றே!" என்றார். மச்சம் உனக்கு ஏது? பாவம் ஷாயிஸ்தா, அவளையும் பொய் சொல்ல வைத்தாயா?

நீ செய்தது என்னவென்று உனக்குப் புரிகிறதா? ஷாயிஸ்தாவின் கண்ணை அளந்து, உன் கண்ணை வெட்டப் போகிறார்கள்.

டாக்டருக்கு சென்னைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். வேறு ஆள் உட்கார்ந்து அளந்திருக்கிறார், பழைய அளவுதான் சரி என்றேன். பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டார்கள். யார் உட்கார்ந்தது என்று கேட்டார், தெரியாது என்று சொன்னேன். உனக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆளைச் சரிபார்க்கவில்லை என்று ஆரோக்கியமேரி அக்காவுக்கு எல்லார் எதிரிலும் பாட்டு. அவர் இன்று டிபனைக்கூடத் திறக்கவில்லை.

பெங்களூர் போவாய், வேறு ஊர் போவாய், உன்னை ஊர் ஊராகத் துரத்த என்னால் ஆகாது. ஆனால் எங்கே போனாலும் உன் கண் 478-தான். போன் செய்தேன், அம்மி எடுத்தார், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜெனி


ஆம்பூர்
22.9.2002

அன்பு ஜெனி,

கூரியர் 10-ஆம் தேதி வந்தது. நீ எழுதியபடியே அம்மி பெங்களூர் பேச்சை எடுத்தாள். நானும் சரி என்றேன். பெட்டியில் துணிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபேட்டைக்காரர்கள் வந்தார்கள், வளையல் அளவு எடுக்க. மாப்பிள்ளையின் அம்மா, ஒரு சித்தி, கூடவே மாப்பிள்ளை நவீத். தேதி நெருங்கிவிட்டது என்று அவரையும் கூடத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். உள் அறையில் அம்மி வழக்கம்போல என் கண்ணாடிக்குக் கை நீட்டினாள். நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஏன் இழுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்படியே ஷர்பத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று வெளி அறைப் பக்கம் எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைச் சட்டை மட்டும்தான், ஜெனி. அந்தச் சட்டைக்காகத்தான் கண்ணை வெட்டிக்கொள்ள ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம். சின்னக் காது, இடது புருவத்தில் ஒரு தழும்பு.

அவர் அம்மா, "இது எப்போலேர்ந்து?" என்று கேட்டார்.

"மூணாங் கிளாஸ்லேர்ந்து" என்றேன்.

நவீத் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமெல்லாம் போய்விட்டது. அவர் என் பக்கமே திரும்பவில்லை. தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே என்ன முடிவாகிறது என்று. அது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஷர்பத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பினார்கள். கண்ணாடிக்காக இல்லையாம், பொய் சொன்னதற்காகத்தான் வேண்டாமாம். அப்பா அதற்கு, "நியாயம்தான்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் அம்மியிடமும் பேசுவதில்லை, என்னிடமும் பேசுவதில்லை. வீடு பேஜாராக இருக்கிறது. ஷாயிஸ்தா, தான் போய் உட்கார்ந்ததால்தான் எல்லாம் நடந்தது என்று அழுகிறாள். இல்லை என்று எத்தனை தடவை சொல்வது?

உன் வரனைப் பற்றி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. அதை அம்மி சொல்லவில்லை, நானேதான் எழுதினேன். ஆரோக்கியமேரி அக்காவிடமும் மன்னிப்பு கேட்டதாகச் சொல். நீ செய்தது சரி. ஒவ்வொரு நாளும் அதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரி என்று தெரிந்தாலும் உன்மேல் கோபம் போகவில்லை. காலையில் எழுந்து கண்ணாடியைத் தடவி எடுக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். பிறகு மாட்டிக்கொள்கிறேன், எல்லாம் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் திட்டுகிறேன்.

இது தீரட்டும். தீர்ந்ததும் நானே எழுதுகிறேன். அதுவரை நீ எனக்கு எழுதாதே. எழுதினால் நான் பதில் போட்டுவிடுவேன்.

உன்
அம்பரீன்